கடைசிப் பாட்டிலிருந்து பின்னோக்கி: குடும்ப இசைக்குழுவின் பிரியாவிடையைப் படமெடுப்பவர்களுக்கு

பெரிய இசை நிகழ்ச்சிகளில் படமெடுப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் மூன்று பாட்டுக்கு மட்டும் மேடைக்கு முன்னால் நிற்கலாம், ஃபிளாஷ் போடக் கூடாது, அதற்குப் பிறகு வெளியேற வேண்டும். அதற்குப் பழகிய கை தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் எடுத்து முடிக்கப் பார்க்கும். குடும்ப இசைக்குழுவின் பிரியாவிடையில் அந்தப் பழக்கம் காலை வாரிவிடும். முதல் மூன்று பாட்டில் எல்லோரும் பதற்றத்தோடு மொனிட்டர் (தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்க வைக்கும் ஒலிபெருக்கி) சத்தத்தைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். வேண்டிய படங்கள் கடைசி மூன்று பாட்டிலும் அதற்குப் பிந்திய இருபது நிமிடங்களிலும்தான் கிடைக்கும். ஆகவே திட்டத்தைக் கடைசிப் பாட்டில் தொடங்கிப் பின்னோக்கிப் போடுங்கள். எந்த நேரத்தில் எங்கே நிற்பது, பற்றரி எப்போது மாற்றுவது, லைற்காரரிடம் என்ன கேட்பது எல்லாம் அதிலிருந்து தானாக வந்து சேரும்.

கொழும்பில் இப்படியான குழுக்களை எல்லோரும் ஒரு முறையாவது கேட்டிருப்போம். அப்பா கீபோட், சித்தப்பா தபேலா, மூத்த மகன் லீட் கிற்றார், மகள் பாட்டு, பேரன் ஒக்டபாட் எனும் மின்னணு ட்ரம்ஸ் தட்டு. வெள்ளவத்தையில் கல்யாண வரவேற்பு, கொட்டாஞ்சேனையில் கோயில் திருவிழா, கடைசி அரை மணி நேரம் பைலா. இவர்களைத் தனித்தனியாக எவ்வளவு அழகாக எடுத்தாலும் அது வழக்கமான மேடைப் படம்தான். இந்த இரவில் எடுக்க வேண்டியது ஒருவர் மற்றவரைப் பார்க்கும் பார்வையை. கீழே சொல்லும் ஒவ்வொரு செற்றிங்கும் அந்தப் பார்வைக்காகத்தான்.

முதல் வேலை மண்டபத்தைப் பார்ப்பதல்ல, குடும்பத்தோடு இருந்து கதைப்பது. பாட்டு வரிசையை வாங்குங்கள். கடைசிப் பாட்டை யார் தொடங்குவார், இடையில் பேசப்போவது யார், எந்தப் பாட்டில் யாருக்குக் குரல் தழுதழுக்கும் என்று கேளுங்கள். அவர்களுக்கே தெரியும், சொல்லுவார்கள். முன் வரிசையில் அம்மம்மா எந்தக் கதிரையில் இருப்பார், குழுவில் வாசித்துக் காலமானவர் யாராவது உண்டா, அவருடைய வாத்தியத்தை மேடையில் வைக்கப் போகிறார்களா என்பதையும் கேட்டு வையுங்கள். வைக்கிறார்கள் என்றால் அது எங்கே இருக்கும், அதில் லைற் விழுமா என்பது அன்றே தீர வேண்டிய விஷயம்.

அடுத்தது ஒத்திகை. ஒன்றுக்காவது போங்கள். முதல் அரை மணி நேரம் கமராவைப் பையிலேயே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள். பல வருடம் சேர்ந்து வாசித்த குடும்பத்தில் யாரும் வாய் திறந்து சைகை சொல்வதில்லை. பாட்டு முடிய இரண்டு தாள வட்டம் இருக்கும்போது அப்பாவின் நாடி கொஞ்சம் மேலே எழும். உடனே மூன்று பேர் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்புவார்கள். பாட்டு பாட்டாக அந்தத் திரும்பல் எங்கே வருகிறது என்று வரிசைத் தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி அன்று அந்த இடத்துக்கு நான்கு செக்கன் முன்பே கமரா கண்ணில் இருக்க வேண்டும். சைகையைக் கண்டபின் தூக்கினால் பார்வை கலைந்திருக்கும்.

இனி வெளிச்சம். கொழும்பு மண்டபங்களில் படம் கெடுவதற்கு முதற்காரணம் இருட்டு இல்லை, எல்இடி. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதோடு நேரடியாக ஒட்டி எரியும் விளக்குகள் செக்கனுக்கு 100 முறை மங்கி எரியும். மண்டபத்தின் பொது விளக்குகளில் மட்டும் எடுக்கும்போது 1/50, 1/100 செக்கன் ஷட்டர் பாதுகாப்பு. கமராவில் ஃபிளிக்கர் தடுக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மேடையில் நிறநிறமாக எரியும் எல்இடி பார் (PAR) லைற்றுகள் வேறு சாதி. அவற்றின் மங்கலைக் கட்டுப்படுத்துவது விளக்கின் உள்ளேயே நடக்கும் மிக வேகமான அணைத்தல் எரித்தல். அந்த வேகம் விளக்குக்கு விளக்கு மாறும், கமராவின் சாதாரணத் தடுப்பு வசதிக்கு அது பிடிபடாது. படத்தில் குறுக்காகக் கறுப்புப் பட்டிகள் விழும், அல்லது முகத்தின் பாதி ஊதாவாகவும் பாதி சிவப்பாகவும் இருக்கும்.

இதற்கு மருந்து மூன்று. முதலாவது, சத்தமில்லாத மின்னணு ஷட்டரான சைலன்ட் ஷட்டரை நம்பாதீர்கள். சாதாரண சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் விளக்கின் ஒவ்வொரு துடிப்பும் தனிப் பட்டியாகப் பதிந்துவிடும். அசையும் ட்ரம்ஸ் குச்சியும் வில் போல வளைந்து தெரியும். மெக்கானிக்கல் ஷட்டரில் எடுங்கள். இரண்டாவது, 1/200க்கு மேலே தேவையில்லாமல் போகாதீர்கள். பல கமராக்களில் 1/200, 1/250 வரைதான் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும், அதற்கு மேலே ஒரு கீற்றாகத்தான் திறக்கும், பட்டி அங்கே தொடங்கும். மூன்றாவது, சவுண்ட் செக் நேரத்தில் 1/125, 1/160, 1/200, 1/250 என ஒவ்வொன்றிலும் பத்துப் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். எது சுத்தமோ அதை அன்றிரவு முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். மென்மையான பாட்டில் ஷட்டர் சத்தம் உறுத்தும் என்று பயந்தால் தாளம் விழும் இடத்தில் அழுத்துங்கள், யாருக்கும் கேட்காது.

தொடக்க செற்றிங்காக மனுவல் முறையில் ஷட்டர் 1/200, அபெச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 2.8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 வைத்து அங்கிருந்து நகருங்கள். ட்ரம்ஸ், ஒக்டபாட் வாசிப்பவரின் கை உறைந்து நிற்க 1/400 வேண்டும். ஆனால் 1/60இல் முகம் நின்று கைகள் மட்டும் கலங்கிய படம் பல நேரம் அதைவிட உயிரோடு இருக்கும். கமராவின் தானியங்கி மீற்றர் கறுப்புத் திரையைப் பார்த்து முகத்தை வெளுக்கவைத்துவிடும், ஆகவே முகத்தின் ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பொட் மீற்றர். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்ரோகிராமில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். சிவப்பு, நீல எல்இடியில் பொதுக்கோடு நன்றாக இருப்பதாகக் காட்டும்போதே சிவப்புக்கோடோ நீலக்கோடோ வலது சுவரில் மோதியிருக்கும். மோதினால் கன்னத்தின் தோல் விவரம் எரிந்து ஒரே பூச்சாகிவிடும், பிறகு மீட்க முடியாது. மூன்றில் இரண்டு ஸ்ரொப் (ஒரு ஸ்ரொப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைத்து எடுங்கள். வைற் பலன்ஸை 3800 கெல்வினில் பூட்டிவிட்டு, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாக எடுங்கள். ஓட்டோவில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வரும்.

பார்வைகளை எடுக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அதில் பெரும்பாலானவர் சறுக்கும் இடம் லென்ஸின் ஆழம். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கமராவில், 85 மி.மீ லென்ஸில் நான்கு மீற்றர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர். எஃப் 2.8இல் 37 சென்ரிமீற்றர். பாடும் தங்கைக்கு ஒரு மீற்றர் பின்னால் கிற்றாரோடு நின்று அவளையே பார்க்கும் அண்ணன் இரண்டிலும் கரைந்துபோவார். முகம் தெரியாத பார்வையை யாரால் பார்க்க முடியும்? எஃப் 5.6க்குப் போனால் 75 சென்ரிமீற்றர் கிடைக்கும். அதிலும் போதாவிட்டால் இருவரும் உங்களிடமிருந்து சம தூரத்தில் வரும்படி பக்கவாட்டில் நகருங்கள். ஐஎஸ்ஓ 6400, 8000 என்று ஏறும், ஏறட்டும். கொஞ்சம் மணல்மணலாக இருந்தாலும் இரண்டு முகமும் தெளிந்த படத்தைக் குடும்பம் சட்டம் போட்டு மாட்டும். ஒரு முகம் மட்டும் தெளிந்த வழுவழுப்பான படத்தை அடுத்த கிழமை மறந்துவிடும்.

பாடுபவரை எடுக்கும்போது மைக் வாயை மறைக்கும், ஓட்டோ ஃபோக்கஸும் மைக்கின் வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வலது கையில் மைக் பிடிப்பவருக்கு நீங்கள் அவருடைய இடது பக்கம், அதாவது சபையிலிருந்து பார்த்தால் வலது பக்கம், 30 முதல் 45 பாகை விலகி நில்லுங்கள். சொல் முடிந்து மூச்செடுக்க மைக் விலகும் நொடியில் அழுத்துங்கள். உச்ச ஸ்தாயியில் வாய் அகலத் திறந்திருக்கும் படம் பெரும்பாலும் அவருக்கே பிடிக்காது.

லைற்காரரோடு பேசுவது அரைவாசி வேலை. நிகழ்ச்சிக்கு முன்பே தேநீர் நேரத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். முன்னாலிருந்து முகத்தில் விழும் மென்மஞ்சள் வெளிச்சம் ஒன்று எப்போதும் முப்பது, நாற்பது வீதத்திலாவது இருக்கட்டும். கடைசி இரண்டு பாட்டில் தனிச் சிவப்பு, தனி நீலம் வேண்டாம், புகை இயந்திரமும் வேண்டாம். புகை அடர்ந்தால் முகங்கள் சாம்பல் பூசியது போலாகும், ஃபோக்கஸும் தேடித் தேடி ஓடும். மூன்றாவது கேள்விதான் முக்கியம்: கடைசிப் பாட்டின் கடைசிப் பல்லவியில் சபைப் பக்க விளக்குகளைக் கொஞ்சம் உயர்த்த முடியுமா? மேடைக்குப் பின்னால், ட்ரம்ஸுக்கு அருகில் நின்று குழுவின் முதுகையும் சபையின் முகங்களையும் ஒரே படத்தில் எடுக்க இதைவிட்டால் வழியில்லை. சபை இருட்டில் இருந்தால் மேடையைவிட மூன்று நான்கு ஸ்ரொப் கீழே கிடக்கும், மென்பொருளால் தூக்கினாலும் முகங்கள் மணல்மணலாகிவிடும். விளக்கு ஏறும் சொல் எது என்பதை அவரும் நீங்களும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணியில் எல்இடி திரை இருந்தால் அதை இயக்குபவரிடம் வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறைக்கச் சொல்லுங்கள். பழைய குடும்பப் படங்கள் அதில் ஓடுமென்றால் ஒரு தடவை மட்டும் திரையின் வெளிச்சத்துக்கு அளந்து எடுங்கள். முன்னால் நிற்பவர்கள் நிழலுருவாக, பின்னால் அவர்களே இளவயதில் நிற்பார்கள். ஒரு நல்ல படம் போதும், அதையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வீடியோ எடுப்பவரையும் முன்கூட்டியே சந்தியுங்கள். நடுப் பாதையில் ட்ரைபொட் வைத்திருப்பார், வெளிநாட்டிலிருக்கும் உறவினருக்கு நேரலையும் அவர் கையில்தான் இருக்கும். அவருடைய கமராவின் பார்வைக்குக் குறுக்கே வராத இடங்களை அவரிடமே காட்டச் சொல்லுங்கள். கமராவின் மேலே வைக்கும் அந்த வெள்ளை லைற்றைக் கடைசிப் பாட்டில் மட்டும் அணைக்கக் கேளுங்கள். அழுகிற முகத்தில் நேராக அடிக்கும் வெளிச்சம் அந்த முகத்தை உடனே மூடவைத்துவிடும்.

நமது நிகழ்ச்சிகளில் இசைக்கு முன்னும் நடுவிலும் மங்கல விளக்கேற்றல், தலைமையுரை, பொன்னாடை போர்த்தல் எல்லாம் உண்டு. விளக்கேற்றலில் சுடருக்கு அளந்தால் முகம் இருண்டுவிடும், குனிந்திருக்கும் முகத்துக்கு அளந்து சுடரை எரியவிடுங்கள். பொன்னாடைக்கு எஃப் 5.6, 35 மி.மீ, வரிசையின் ஓரத்தில் நின்றால் போதும். போர்த்துபவர் கமராவைப் பார்ப்பார், போர்த்தப்படுபவர் அவரைப் பார்ப்பார், இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும் நொடி ஒன்று இடையில் வரும். உரைகள் நீளும் நேரம் உங்களுக்கு வரம். கார்ட்டில் இடமிருந்தாலும் பற்றரி அரைவாசி இருந்தாலும் கடைசி உரையின்போது இரண்டையும் புதிதாக மாற்றிவிடுங்கள். கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கமராவின் பற்றரி ஒன்றுக்கு 350 முதல் 500 படம் என்று கணக்கு வையுங்கள். 1800 படம் எடுக்க நான்கு முதல் ஆறு பற்றரி வேண்டும். 24 மெகாபிக்சல் ரோ கோப்பு ஒன்று 28 எம்பி அளவில் வரும், 1800 படத்துக்கு 50 ஜிபி. 128 ஜிபி கார்ட் இரண்டைப் போட்டு இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியவிடுங்கள். இந்த இரவு மறுபடி நடக்காது.

கொழும்புக்கே உரிய இன்னொரு சிக்கல் ஈரம். வெளியே 28 பாகையும் ஈரப்பதன் 80 வீதமுமாக இருந்தால் பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 24 பாகை. குளிரூட்டிய மண்டபத்தில் மூன்று மணி நேரம் இருந்த லென்ஸ் 22 பாகையில் இருக்கும். நிகழ்ச்சி முடிந்து வாசலில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழும் நேரத்தில் ஓடிப்போய்த் தூக்கினால் கண்ணாடி முழுக்கப் புகை. துடைத்தாலும் திரும்பப் படியும். ஆகவே கடைசிப் பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே இரண்டாவது கமராவை மூடிய பையில் வைத்து, வாசலருகே குளிர் படாத இடத்தில், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து விடுங்கள். 35 மி.மீ லென்ஸ் அதில் இருக்கட்டும். வீடு போனதும் எல்லாவற்றையும் 40 முதல் 50 வீத ஈரப்பதன் உள்ள உலர்பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

குடும்பமாக நின்று எடுக்கும் ஒரு படத்தை நிகழ்ச்சிக்குப் பிறகு என்று தள்ளாதீர்கள். அப்போது கண் வீங்கி, சேலை கசங்கி, ஆட்கள் பாதிப்பேர் போயிருப்பார்கள். கொழும்பில் வருடம் முழுக்கச் சூரியன் மாலை 5.45க்கும் 6.30க்கும் இடையில்தான் மறையும். சவுண்ட் செக்கை 4.30க்கு முடித்துவிட்டால் 5.15க்கு மரீன் டிரைவ் பக்கம் மேற்கு வெளிச்சத்தில் பத்து நிமிடத்தில் எடுத்து முடிக்கலாம். ரயில் பாதை ஓரமாகவே ஓடுகிறது, தண்டவாளத்தில் யாரையும் நிற்கவைக்காதீர்கள். மண்டபம் லயனல் வென்ட் அரங்கமாக இருந்தால் ஒரு நிமிடம் அந்தப் பெயரையும் நினைத்துக்கொள்ளலாம். 1944இல் மறைந்த வென்ட் பியானோ வாசித்தவர், இந்நாட்டின் மிகச் சிறந்த புகைப்படக் கலைஞர்களில் ஒருவரும் அவரே. இசையும் படமும் ஒரே ஆளின் கையில் இருந்திருக்கின்றன.

இப்போது கடைசிப் பாட்டு. சபை எழுந்து நிற்கும், கைத்தொலைபேசிகள் உயரும், முன்னால் இருந்து எடுக்கும் இடம் அத்தனையும் அடைபடும். ஆகவே அதற்கு முந்திய பாட்டிலேயே பக்கத்திரைக்குப் போய்விடுங்கள். கறுப்பு உடுப்பு, ரப்பர் செருப்பு, காதில் பஞ்சடைப்பு. தரையில் ஒட்டியிருக்கும் வயர்களையும் கிற்றார் பெடல்களையும் ஒத்திகையிலேயே மனதில் வரைந்து வைத்திருக்க வேண்டும். அங்கே நின்று கீழே பாருங்கள். ஒவ்வொருவர் காலடியிலும் பாட்டு வரிசைத் தாள் ஒட்டியிருக்கும். மேலேயுள்ள பாட்டுகள் ஒவ்வொன்றாகக் கோடிடப்பட்டு, கடைசி வரி மட்டும் கோடில்லாமல் இருக்கும். கீபோட்டில் பல வருட விரல் பட்டு நடுக் கட்டைகள் மட்டும் மினுங்கும். தபேலாக்காரரின் சுட்டுவிரலில் சுற்றிய பிளாஸ்ரர் வேர்வையில் கழன்று தொங்கும். 50 மி.மீ, எஃப் 2.8, ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம், அதற்குமேல் வேண்டாம்.

பிறகு கண்ணை முகங்களுக்குக் கொண்டுபோங்கள். குரல் உடைந்து மகள் பாட முடியாமல் நிற்கும்போது எல்லோரும் அவளைத்தான் எடுப்பார்கள். நீங்கள் அந்த வரியைத் தானே எடுத்துப் பாடத் தொடங்கும் அண்ணனைப் பாருங்கள், பல்லவியை விடாமல் பிடித்துக்கொண்டு அவளைப் பார்க்காமல் இருக்கும் அப்பாவைப் பாருங்கள். அழுகையைக் கிட்டப்போய் எடுக்காதீர்கள். 70-200 லென்ஸில் 135 மி.மீ வைத்துத் தூரத்தில் நில்லுங்கள், மூன்று படத்தில் கமராவை இறக்குங்கள். எந்த நிலையில் படம் வேண்டாம் என்று முதல் நாளே குடும்பத்திடம் கேட்டிருந்தால் அந்த எல்லையை இந்த நேரத்திலும் காப்பது உங்கள் கடமை.

கடைசித் தாளம் விழுந்ததும் கமராவை மூடாதீர்கள். கைதட்டல் தொடங்கும் முன் ஒரு செக்கன் அமைதி வரும், அதில் யாரும் யாரையும் பார்க்காமல் தங்கள் வாத்தியத்தைப் பார்ப்பார்கள். அதன் பின் கும்பிடுதல், கட்டியணைப்பு, முன் வரிசையிலிருந்து அம்மம்மாவைக் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றுவது. 24 மி.மீக்கு மாறி, ஷட்டர் 1/125, எஃப் 4. சபை போன பின்னும் நில்லுங்கள். கிற்றாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் கை, சுற்றப்படும் மைக் வயர், தபேலாவைத் துணியால் மூடும் சித்தப்பா. பொது விளக்குகள் போட்டிருக்கும், 1/100இல் எடுங்கள்.

வீட்டில் தெரிவு. 1800இலிருந்து முதலில் 250, அதிலிருந்து அல்பத்துக்கு 40. தனியாள் படங்களை முதலில் குறையுங்கள். ஊதா வெளிச்சத்தில் எரிந்துபோன முகத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் பல நேரம் தப்பும். நொய்ஸ் நீக்கும் மென்பொருளை அளவோடு பாவியுங்கள், பாட்டியின் சுருக்கங்கள் பிளாஸ்ரிக்காகிவிடும். கரிய முகங்களை வெளுக்கவைக்கவே வேண்டாம். அது அவர்களின் நிறம், மேடையில் அந்த நிறத்தில்தான் நின்றார்கள். கோப்புகளை மூன்று பிரதி வையுங்கள், இரண்டு வேறு வேறு ஹார்ட் டிஸ்க்குகளில், ஒன்று வேறு வீட்டில்.

படங்களைக் கையளிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதுங்கள். இடமிருந்து வலமாக யார், யாருடைய மகன், என்ன வாத்தியம், எந்தப் பாட்டு, மண்டபம், திகதி. ரொறன்ரோவிலோ லண்டனிலோ வளரும் பேரப்பிள்ளைக்குப் பெரியப்பாவும் சித்தப்பாவும் படத்தில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். பெயர் தெரியாத முகம் ஒன்று இருந்தால், அல்பம் கொடுக்கும் அன்றே வீட்டில் மூத்தவர் பக்கத்தில் இருந்து, விரலால் தொட்டுக் கேட்டு, பென்சிலால் பின்பக்கத்தில் எழுதிவிட்டு வாருங்கள்.